நீ இதயம் போட்ட படம்

நூம்பல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை செல்வகுமாரும் மெல்போர்னில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாக நானும் நைனாவும் சுகம் என்று சேர்த்து எழுதுவேன், இந்த முறை அவர் சுகத்தை நீ அவரிடமே கேட்டுக்கொள், தினமும்தான் பேசுகிறீர்களே. எதிரே புதிதாக வந்த பிளாட்டில் இருக்கிற ரோஹித் புதன்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் நீ கேட்ட இரண்டு சுங்குடிப் புடவையும் கொடுத்தனுப்புகிறேன். நார்த்தங்காய் ஊறுகாயும் கருவேப்பிலைப் பொடியும் எடுத்து வைத்திருந்தேன், ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் ஆன்ட்டி என்று பயந்தான், அதனால் அனுப்பவில்லை. இங்கே மழை விட்டுவிட்டது, ஏரிப் பக்கம் போகிற ரோடு மட்டும் இன்னும் சேறாகவே கிடக்கிறது. உன் அத்தை புஷ்பாவுக்கு மூட்டுவலி அதிகமாகி மாடி ஏற முடியவில்லை, தையல் மிஷினைக் கீழே இறக்கிப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணி, ஏம்மா ஒரு போட்டோவுக்காக அந்த மனுஷனை நாலு பேர் எதிரில் இப்படியா அசிங்கப்படுத்துவே என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து ஒன்பது சொல்வாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. கடிதத்தில் நீ நடுவில் பேச முடியாது. நைனா சொன்னதை முழுசாகக் கேட்டாய் அல்லவா, இதையும் முழுசாகப் படி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அத்தனை வருஷம் இரும்புத் தூளோடு கிடந்த மனிதர் ரிட்டயர் ஆனதும் என்ன செய்வது என்று தெரியாமல் கூண்டுக்குள் நடப்பதுபோல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார், நீதான் கேமரா வாங்கி அனுப்பினாய். நல்ல காரியம்தான் செய்தாய், அதை நான் குறை சொல்லவில்லை. விடிவதற்குள் எழுந்து ஏரிக்கரைக்குப் போவார், நாரை, மீன்கொத்தி, குமணன்சாவடியில் மெட்ரோவுக்குக் கட்டிய தூண்கள் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பேஸ்புக்கில் பூவை கேமரா நண்பர்கள் என்று பூந்தமல்லிப் பக்கத்து ஆட்களின் ஒரு குரூப்பில் சேர்ந்தார். எல்லாரும் நம்மைப் போன்றவர்கள்தான், வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள், ஐடி கம்பெனிப் பையன்கள், ஒரு பல் டாக்டர். படத்தைப் போட்டால் ஆளுக்கு ஒரு கருத்து எழுதுவார்கள். அதை நடத்துகிறவர் ஆவடிக்காரர் கஜபதி, அவர் சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை. நைனா எடுத்த மீன்கொத்திக்குக் கீழே அவர், படம் நல்லா ஷார்ப்பா கீது சம்பந்தம் சார், ஆனா உயிர் இல்ல என்று எழுதிவிட்டார். அன்றைக்கு உன் நைனா சாப்பிடவில்லை. அடுத்த படத்துக்கும் அதேதான், அதற்கடுத்த படத்துக்கும் அதேதான். பிழிந்த துணிபோல் முகத்தை வைத்துக்கொண்டு, உயிருன்னா இன்னாதான் எதிர்பாக்கறாங்க சரசா என்று என்னிடம் கேட்பார். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, நாரை அழவா செய்யும், விட்டுத் தள்ளுங்க என்பேன்.

அப்புறம் எனக்கு மார்பில் அந்தக் கட்டி வந்தது, நீ ஆபரேஷனுக்கு வந்தாய், லீவு முடிந்து போனாய். நீ போன பிறகுதான் கீமோ. உன் நைனா என்னைப் பார்த்துக்கொண்டார், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாந்தி எடுக்கும்போது பேசின் பிடித்தார், பாத்திரம் தேய்த்தார், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முடி கொட்டியதும்தான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. தெருவில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன், வெளியே போனால் விக், வீட்டுக்குள் துண்டு. ஏன் மறைத்தேன் என்றால், சத்துணவு மையத்தில் என்னோடு வேலை செய்தவளுக்கு இதே நோய் வந்தபோது பார்க்கப் போன அத்தனை பேரும் அவள் காது கேட்கவே, எவ்வளவு நல்லவளாக இருந்தாள் என்று பேசினார்கள். எனக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். உன்னிடமும் சொன்னேன், நினைவிருக்கும். வீடியோ காலில்கூடத் துண்டை எடுக்கமாட்டேன் என்றேன், நீயும் சரிம்மா என்றாய்.

ஒரு நாள் மத்தியானம், தலை அரிப்பு பொறுக்காமல் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து வெயிலில் தலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நைட்டி மேல் பட்டன்கூடப் போடவில்லை. யாருமில்லாத இடம், என் வீடு. உன் நைனா சமையலறை ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறார். சத்தம் வராமல் எடுக்க அந்தக் கேமராவில் ஒரு வழி இருக்கிறதாமே. எனக்குத் தெரியவே தெரியாது. உன் அத்தை வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன், அவள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள், உன் போட்டோ பாத்தேன் அண்ணி, மனசே ஆறல என்றாள். எந்தப் போட்டோ என்றேன். போனை எடுத்துக் காட்டினாள்.

எழிலு, என்னை நானே கண்ணாடியில் அப்படிப் பார்த்ததில்லை. அதற்கு உதிர்ந்த பின் என்று தலைப்பு வைத்திருந்தார். அந்த மாதத்தின் சிறந்த படமாம். கீழே வரிசையாகக் கருத்து. கண்ணில் இருக்கிற வெறுமையை அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று ஒருவர். மண்டையின் மேல் வெளிச்சம் கொஞ்சம் அதிகம், குறைத்திருக்கலாம் என்று ஒருவர். இடது பக்கம் பச்சை பிளாஸ்டிக் வாளி உறுத்துகிறது, வெட்டிவிடுங்கள் என்று பல் டாக்டர். எலும்பு தெரிகிற கழுத்துதான் படத்தின் பலம் என்று இன்னொருவர். கஜபதி எழுதியிருந்தார், இப்பதான் சார் உயிர் வந்துகீது என்று. யாரோ, யார் சார் இந்த அம்மா என்று கேட்டதற்கு உன் நைனா பதில் எழுதியிருந்தார். தெரிஞ்ச ஒரு அம்மா. அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீ. ஒரு சிவப்பு இதயம். நைனா, இதுவரைக்கும் நீ எடுத்ததிலேயே இதுதான் பெஸ்ட்.

நீ என்னைத் தெரியாமல் போட்டாய் என்று சொல்ல முடியாது. பெற்றவளின் தலை மொட்டையாக இருந்தால் அடையாளம் தெரியாதா. தெரிந்த ஒரு அம்மா என்று எழுதியதையும் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறாய், அந்தப் பதிலுக்கு நேர் கீழே இருக்கிறது உன் பெயர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. உன் பேர் போடலியே, யாருக்குத் தெரியப் போவுது, ஊர் உலகமே எவ்ளோ பாராட்டிகீது தெரியுமா என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிடுகிறேன் என்றார். அன்று சாயந்திரம் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். எனக்குப் பேஸ்புக் கிடையாது, நம்பினேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நம்பிப் பழகிவிட்டது.

கீமோ முடிந்து பூனை மயிர்போல் முடி முளைக்க ஆரம்பித்த சமயம், ஒரு நாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ பொழைச்சிட்டா உன்ன திருத்தணிக்கு இட்டுகினு வந்து மொட்ட போடறேன்னு வேண்டிக்கினேன் சரசா, முடிச்சிட்டு வந்துடலாமா என்றார். அவர் கோயிலுக்கு வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். எனக்காக வேண்டியிருக்கிறாரே என்று நினைத்தேன். முளைத்த முடி போனால் போகிறது, சாமிக்குத்தானே என்று சரி என்றேன். மஞ்சள் புடவை எடுத்து வைத்தேன், புளிசாதம் கட்டுவதற்குப் புளிக்காய்ச்சல்கூடக் காய்ச்சிவிட்டேன். கிளம்புகிறதற்கு முந்தின நாள் பார்த்தால் கேமரா பேட்டரி இரண்டும் சார்ஜில் கிடக்கிறது, பை ஓரத்தில் மடக்கிய ஸ்டாண்டு. கோயிலுக்கு ஸ்டாண்டு எதற்கு என்றேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். கஜபதி, இந்த அம்மாவை வைத்துத் தொடராக எடுங்கள், கண்காட்சி வைக்கலாம் என்றாராம். முடி வளர்ந்துட்டா அது வராதும்மா, நீ எப்படியும் மொட்ட போட்டுக்கப் போற, அப்படியே குளத்துப் படியில கொஞ்ச நேரம் குந்தினா போதும் என்றார். வேண்டுதல் உண்மையா என்று கேட்டேன். அவர் ஸ்டாண்டைப் பைக்குள் தள்ளினார். நான் புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, புளிக்காய்ச்சலைக் கிண்ணத்தோடு புஷ்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ, நைனா வாய் தவறிச் சொல்லிட்டாரு, அதைப் பெருசு பண்ணாதே என்கிறாய். கேள். புஷ்பா ஒரு ஞாயிறு போன் பண்ணி, அண்ணி, குமணன்சாவடி மண்டபத்துல போட்டோ கண்காட்சியாம், நோட்டீஸ்ல உன் படம்தான் போட்டுகீறாங்க என்றாள். எடுத்துவிட்டேன் என்று சொன்ன படம். உன் நைனா காலையிலேயே வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மெம்பர்களுக்கு மட்டும் ஒரு மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் குளித்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். சண்டை போடப் போகவில்லை எழிலு. இறக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன்.

மண்டபத்தில் சாப்பாடு பந்தி போடுகிற ஹாலில் தட்டி வைத்து மாட்டியிருந்தார்கள். என் படம்தான் நடுவில், வாசல் கதவு அகலத்துக்கு. அதற்குக் கீழே ஸ்டூல் போட்டு ஒரு ரோஜாவும் அகல் விளக்கும் வைத்திருந்தார்கள். விளக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நெற்றியில் திருநீறு வைத்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார், அவர்தான் கஜபதி என்று சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தங்கமான மனிதர், உள்ளே வா தாயே என்கிற குரல். முடி வளர்ந்து, கண்ணாடி போட்டு, பட்டுப் புடவையில் நின்றவளை அவருக்கு எப்படித் தெரியும். படத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார். "இந்த அம்மா கண்ண பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்னு அவங்களுக்கே தெரிஞ்சிகீது. போன மாசம் தவறிட்டாங்க பாவம். சம்பந்தம் சார் குரூப்ல போட்டாரு, நாங்க எல்லாரும் அழுதுட்டோம்."

விளக்கு எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. தொடர் எப்போது, அடுத்த படம் எப்போது என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பெண்டாட்டி மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்ல முடியாமல், அந்த அம்மா தவறிட்டாங்க என்று எழுதிவிட்டார் உன் நைனா. வாய் தவறி அல்ல. கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி. பிறகு புஷ்பா போனில் பார்த்தேன், ஒற்றுகூட விடாமல் எழுதியிருக்கிறார். கீழே அத்தனை பேரும் இரங்கல். அதில் உன் பெயர் இருக்கிறதா என்று முழுவதும் தேடினேன். இல்லை. நீ அதைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பு இல்லை.

கஜபதி கருத்து எழுதுகிற நோட்டைத் திறந்து ஒரு பேனாவைக் கொடுத்து, உங்களுக்குத் தோணறத இங்க எழுதுங்கம்மா என்றார். நான் கண்ணாடியைக் கழற்றினேன். அங்கே இருந்த நாற்காலியில், அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்த மாதிரியே ஒருக்களித்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார், அப்புறம் விளக்கைப் பார்த்தார். அப்போது உன் நைனா கையில் பேப்பர் கப்பில் டீயோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். கஜபதி, சார், இவங்க யாரு என்று கேட்டார். உன் நைனா டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கஜபதி மறுபடியும் கேட்டார். "எங்க ஊட்டுக்காரம்மா" என்றார் உன் நைனா. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் அந்த வார்த்தையை அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்களுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்காக வந்த கோபம் என்று நினைக்காதே. எங்களை முட்டாளாக்கிட்டீங்களே, போட்டியில பொய் சொல்லி ஜெயிச்சிருக்கீங்களே என்றுதான் அத்தனை பேரும். நான் எப்படி இருக்கிறேன் என்று கஜபதி ஒருவர்தான் கேட்டார். பல் டாக்டர், என்ன இருந்தாலும் படம் நல்ல படம்தான் என்றார். ஜோதிகா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், ஓடி வந்து, ஆன்ட்டி, படத்துக்குப் பக்கத்துல அப்படியே உக்காருங்க, ஒரே ஒரு ஷாட் என்றாள். கேட்டுவிட்டு எடுக்கிறாளே என்று உட்கார்ந்தேன். நேராகப் பார்த்து உட்கார்ந்தேன். அதையும் குரூப்பில் போட்டாளாம், புஷ்பா காட்டினாள். முதல் படத்தில் இருந்த வலி இதில் இல்லை, போஸ் கொடுத்தது தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அகல் விளக்கை ஃபிரேமில் விட்டது நல்ல யோசனை என்று இன்னொருவர்.

அன்றைக்கே உன் நைனாவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சேர்ந்து டீ குடித்தவர்கள் இப்போது பூந்தமல்லி மார்க்கெட்டில் எதிரே வந்தால் கத்தரிக்காயைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்கிறார்கள். கேமரா பைக்குள் கிடக்கிறது. ஒரு வார்த்தை நீ கஜபதிகிட்ட பேசினா சேத்துப்பாங்க என்று என்னிடம் கெஞ்சினார். செத்தவள் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அதைத்தான் உன்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

படத்தைக் கஜபதி என்னிடமே கொடுத்துவிட்டார். நம் வீட்டு ஹாலில், நைனாவின் கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். யார் வந்தாலும், நான்தான், கேன்சர் வந்தபோது என்கிறேன். தெரு முழுக்கத் தெரிந்துபோன பிறகு மறைக்க என்ன இருக்கிறது. நீ தைப் பொங்கலுக்கு வருவதற்குள் அதை இறக்கிவிடச் சொன்னாய். இறக்கமாட்டேன். சிறந்த படம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வந்து அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு.

அவர் இளைத்துவிட்டார் என்று நீ சொன்னது நிஜம்தான். நேரத்துக்குச் சோறு போடுகிறேன், மாத்திரை எடுத்து வைக்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. நேற்று நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். முடி நல்லா அடர்த்தியா வந்துடுச்சி சரசா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தொட்டுப் பாக்கட்டா என்று கேட்டார். முடி கொட்டின நாளிலிருந்து இன்றுவரை அவர் என் தலையில் கை வைத்ததில்லை எழிலு, பேசின் பிடித்த கைதான், ஒரு நாள்கூட வைத்ததில்லை. வேண்டாம் என்றேன். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார், கேட்டது. நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆதரவாய், நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். புடவையை முதல் தடவை உப்புத் தண்ணீரில் நனை, இல்லாவிட்டால் சாயம் போகும். மார்புப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா உனக்காகவும்தான் சொன்னார், தாய்க்கு வந்தால் மகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, நீ வேலை வேலை என்று தள்ளிப்போடுகிறாய். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போ. போய்விட்டு வந்து முடிவை எனக்குச் சொல், நைனாவுக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. சரசா